காபன் விலைக்கு ஆதரவு திரட்டப் போகிறீர்களா? ஒன்ராறியோத் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

"காபன் வரியைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு என்னத்துக்கு இந்த வேலை?" காலநிலைக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்து, ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ எங்கள் ஆட்களோடு கதைக்கப் போகிறவருக்கு முதல் நாளே விழுகிற கேள்வி இது. இதற்குப் பதில் தெரியாவிட்டால் அடுத்த கேள்விவரை யாரும் நிற்கமாட்டார்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1. எது போனது, எது இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கனடாவில் காபனுக்கு, அதாவது எரிபொருள் எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டுப் புகைக்கு, இரண்டு வழியில் விலை வைத்தார்கள். ஒன்று, நாங்கள் பெற்றோல் அடிக்கும்போதும் வீட்டைச் சூடாக்கும்போதும் கட்டியது. 2019 ஏப்ரல் 1-இல் ஒன்ராறியோ, மனிற்றோபா, சஸ்காச்சுவான், நியூ பிரன்ஸ்விக் ஆகிய மாகாணங்களில் தொன்னுக்கு 20 டொலர் என்று தொடங்கி, 2024 ஏப்ரலில் 80 டொலரில் வந்து நின்றது. மார்க் கார்னி பிரதமராகப் பதவியேற்ற 2025 மார்ச் 14 அன்றே அதை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 1 முதல் அது இல்லை. அந்தக் காசிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்த ரிபேட்டின் கடைசித் தவணை ஏப்ரல் 22-இல் வங்கியில் விழுந்தது.

மற்றது பெரிய ஆலைகளுக்கானது. உருக்கு, சீமெந்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு போன்ற தொழில்களுக்கு. இது இன்னும் இருக்கிறது. ஒரு தொன் சீமெந்து செய்ய இவ்வளவு புகைதான் விடலாம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தாண்டிய அளவுக்குக் காசு கட்ட வேண்டும். குறைத்தால் கிரெடிட் கிடைக்கும், அதை இன்னோர் ஆலைக்கு விற்கலாம். ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து இதை நடத்துவது மாகாண அரசு. அடிப்படை விதிகளைப் போடுவது ஒட்டாவாவில் உள்ள கூட்டாட்சி அரசு. அதனால் நீங்கள் தட்ட வேண்டிய கதவுகளும் இரண்டு.

ஆகவே அந்த முதல் கேள்விக்கு நேரான பதில்: வீட்டுக்காரர் கட்டியது போய்விட்டது, ஆலைகள் கட்டுவது இருக்கிறது, அதுவும் தேய்ந்துபோகாமல் பார்ப்பதுதான் இப்போதைய வேலை. இதை 20 விநாடிக்குள் தமிழில் சொல்லிப் பழகுங்கள்.

2. கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

போனதைப் பற்றி எதற்குக் கணக்கு என்று கேட்கலாம். ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள். "என்னிடம் எவ்வளவு பிடுங்கினார்கள் தெரியுமா?" என்று தொடங்குகிறவரிடம் ஆலைகளின் கிரெடிட் சந்தை பற்றிக் கதைக்க முடியாது.

80 டொலர் விலை, பெற்றோலில் லீற்றருக்கு 17.61 சதம். இயற்கை எரிவாயுவில் கன மீற்றருக்கு 15.25 சதம். ஸ்காபரோவில் தனி வீடு, இரண்டு பிள்ளைகள், வாரம் 50 லீற்றர் பெற்றோல், வருடத்துக்கு 2,400 கன மீற்றர் எரிவாயு என்று வைப்போம். பெற்றோலுக்கு 458 டொலர், எரிவாயுவுக்கு 366 டொலர், சேர்த்து 824. அதன் மேல் 13 வீத விற்பனை வரியும் ஏறியது. வரிக்கு மேல் வரி என்று ஆட்கள் கோபப்பட்டது இதற்குத்தான், அது நியாயமான கோபம். அதையும் சேர்த்தால் ஏறத்தாழ 931 டொலர். அந்த வருடம் நான்கு பேர் கொண்ட ஒன்ராறியோக் குடும்பத்துக்கு வந்த ரிபேட் 1,120 டொலர், காலாண்டுக்கு 280 வீதம். கையில் 189 டொலர் மிஞ்சுகிறது. கடைச் சாமான்களின் விலையில் மறைந்து வந்த செலவை இதிலிருந்து கழிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இப்போது பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை எடுங்கள். எரிவாயு பில் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில். கார் ஒன்று, சில வேளை அதுவும் இல்லை. ரிபேட் மட்டும் அதே 1,120. குறைந்த வருமானக்காரர் பெரும்பாலும் லாபத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான்: எரிக்கிற அளவு ஆளுக்கு ஆள் வித்தியாசம், திரும்பி வந்த காசு எல்லோருக்கும் ஒன்று.

சரி, நாள் முழுக்க ஊபர் ஓடுகிற தம்பியின் நிலை? வாரம் 120 லீற்றர் அடித்தால் பெற்றோலில் மட்டும் 1,100 டொலர் போயிருக்கும். வருமான வரியில் எரிபொருள் செலவைக் கழித்திருப்பார், ஆனாலும் அவர் தோற்ற பக்கத்தில் இருந்திருக்கக் கூடும். அவரிடம் "இல்லைத் தம்பி, உங்களுக்கும் லாபம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு பொய் அவரோடு வேலை செய்கிற எல்லோரிடமும் போய்ச் சேரும்.

பாராளுமன்ற வரவுசெலவு அதிகாரியின் அறிக்கைகளையும் தெரிந்து வைத்திருங்கள். கட்டியதையும் கிடைத்ததையும் மட்டும் ஒப்பிட்டபோது பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம் என்று வந்தது. வேலைவாய்ப்பு, முதலீட்டு வருமானம் ஆகியவற்றின் மீதான பாதிப்பையும் சேர்த்தபோது சராசரிக் குடும்பத்துக்கு நட்டம் என்று வந்தது. ஒரு கட்சி முதல் எண்ணையும் மற்றக் கட்சி இரண்டாம் எண்ணையும் தூக்கிக்கொண்டு ஓடின. பிறகு 2024-இல், அந்த இரண்டாவது கணக்கில் ஆலைகளின் விலையும் தவறாகக் கலந்துவிட்டது என்று அந்த அலுவலகமே ஒப்புக்கொண்டு திருத்திய கணக்கை வெளியிட்டது. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.

3. ஏன் தோற்றது என்பதைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தாண்டிப் போகிற பகுதி இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பாருங்கள். 2008 ஜூலையில், கோர்டன் காம்பெல் என்ற வலதுசாரிப் பக்கம் சாய்ந்த முதல்வர் தொன்னுக்கு 10 டொலர் என்று காபன் வரியைக் கொண்டுவந்தார். கூடவே வருமான வரியைக் குறைத்தார், மாகாணத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் 100 டொலர் கொடுத்தார். "வரியை வெட்டு" என்ற கோஷம் அப்போதே வந்தது. கொண்டுவந்தது இடதுசாரி எதிர்க்கட்சியான என்.டி.பி. 2009 தேர்தலில் அந்தக் கோஷத்தோடு நின்று அவர்கள் தோற்றார்கள். பதினைந்து வருடம் கழித்து கன்சர்வேற்றிவ் கட்சித் தலைவர் பியர் பொலியேவ் அதே கோஷத்தைத் தூக்கியபோது அது நாடு முழுவதும் எடுபட்டது. கோஷம் ஒன்றுதான், ஆனால் இடையில் பல விஷயங்கள் மாறிவிட்டன.

ஒன்று, காசு கண்ணில் படவில்லை. 2019-இல் ரிபேட் வருமான வரிப் படிவத்துக்குள் ஒரு சிறு பதிவாக வந்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு 307 டொலர், வரித் திருப்பத்தோடு கலந்து வந்ததால் பலருக்கு அது வந்ததே தெரியாது. 2022 ஜூலையிலிருந்துதான் காலாண்டுக்கு ஒருமுறை தனியாக வங்கியில் விழத் தொடங்கியது. அப்போதும் வங்கிக் கணக்கில் என்ன காசு என்று விளங்காத பெயரில் வந்தது. "கனடா காபன் ரிபேட்" என்று தெளிவான பெயர் வைத்தது 2024-இல். ஐந்து வருடம் தாமதம்.

பம்பில் ஏறிய சதமோ எல்லோருக்கும் தெரிந்தது. 2019-இல் ஒன்ராறியோ அரசு ஒவ்வொரு பெற்றோல் பம்பிலும் வரியைப் பற்றிய ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும் என்று சட்டமே போட்டது. அதில் ரிபேட் பற்றி ஒரு சொல் இல்லை. பசை சரியில்லாமல் ஸ்ரிக்கர்கள் உரிந்து விழுந்தது தனிக் கூத்து. 2020 செப்ரெம்பரில் அந்தச் சட்டம் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் சொல்ல வந்த செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு, விதியை அரசே உடைத்தது. 2023 ஒக்ரோபரில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருட விலக்கு அறிவித்தார். அதனால் பெருமளவு பயன்பெற்றது அத்திலாந்திக் மாகாணங்கள். எரிவாயுவில் சூடாக்குகிற ஒன்ராறியோவும் சஸ்காச்சுவானும் "அப்போ நாங்கள்?" என்று கேட்டன. நல்ல பதில் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. அது முறிந்ததும் இதெல்லாம் அரசியல்தான் என்று ஆட்கள் முடிவு கட்டினார்கள்.

மூன்றாவது, விலைவாசி. 2022-க்குப் பிறகு அரிசி, வாடகை, வீட்டுக் கடன் வட்டி எல்லாம் ஏறின. காபன் விலை பணவீக்கத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 0.15 வீதப் புள்ளிதான் சேர்த்தது என்று மத்திய வங்கி சொன்னது. ஆனால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுந்தது, ஏனென்றால் ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் நாள் குறித்து, எல்லோருக்கும் தெரிய ஏறியது அது.

அப்படியானால் ரிபேட்டைக் காட்டினால் ஆதரவு கூடுமா? அவ்வளவு சுலபம் இல்லை. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நடத்திய ஆய்வு ஒன்று 2022-இல் நேச்சர் கிளைமேற் சேஞ்ச் இதழில் வந்தது. கனடியர்கள் தங்களுக்கு வந்த தொகையை உள்ளதைவிடக் குறைவாகவே நினைத்திருந்தார்கள். சரியான தொகையைச் சொன்ன பிறகும் ஆதரவு பெரிதாக ஏறவில்லை. கட்சி சார்பு கணக்கைவிடப் பலமாக இருந்தது. எனவே கல்குலேற்றரை நீட்டி வாதத்தில் வெல்லலாம் என்று கிளம்பாதீர்கள். சொல்கிறவர் யார், அவர் முன்பு நேர்மையாகக் கதைத்தவரா என்பதைத்தான் ஆட்கள் பார்க்கிறார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காபன் கட்டணத்தை மக்கள் 2016-இலும் 2018-இலும் வாக்களித்து நிராகரித்தார்கள். பிறகு சட்டமன்றம் 2021-இல் தொழில்கள் உமிழ்வு அனுமதியை ஏலத்தில் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. அதை ஒழிக்க 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது ஏறத்தாழ 62 வீதத்தினர் ஒழிக்க வேண்டாம் என்றார்கள். அதற்குள் அந்தத் திட்டம் சார்ந்த நிதியில் 18 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் இலவசமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள், குறைந்த வருமானக் குடும்பங்களின் மின்சார பில்லில் 200 டொலர் கழிந்திருந்தது. தேர்தலுக்கு முன் கொடுத்த லஞ்சம் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். இருக்கட்டும், காசு எங்கே போனது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

4. கதைக்கும்போது

முதலில் கேளுங்கள். "வீடு எதில் சூடாகிறது? பில் எவ்வளவு வருகிறது?" இந்த இரண்டு கேள்வியில் பாதிக் கதை வந்துவிடும். பூமி, பனிப்பாறை, ஐ.நா. என்று தொடங்குகிறவரை எங்கள் அன்ரிமார் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார்கள்.

காலநிலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இங்கே நடந்ததைச் சொல்லுங்கள். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடி, உலகிலேயே காற்று மோசமான நகரங்களின் வரிசையில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. 2024 ஜூலை 16-இல் சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 100 மில்லிமீற்றர் மழை கொட்டி, டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை தண்ணிக்குள் போனது. பேஸ்மென்ற்றுக்குள் தண்ணி வந்த வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். ஆனால் "வரி இருந்திருந்தால் இந்த வெள்ளம் வந்திராது" என்று மட்டும் இழுத்து முடிச்சுப் போடாதீர்கள். கேட்கிறவர் சிரிப்பார், சிரிக்கவும் வேண்டும்.

பிறகு ஆலைகளுக்கு வாருங்கள். "உங்கள் வீட்டுக்குத் திரும்ப விலை வைக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. பெரிய ஆலைகள் கட்டுவதைக் குறைத்துவிடக் கூடாது, அந்தக் காசு எங்கே போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறோம்." இப்படிச் சொன்னால் வரியை வெறுத்த ஆட்களிலும் ஒரு பகுதியினர் தலையாட்டுவார்கள். வெளியிலிருந்து வரும் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த எல்லைக் காபன் கட்டணம் 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். உருக்கும் அலுமினியமும் அங்கே போகும்போது, சொந்த நாட்டில் கட்டிய காபன் விலை கழிக்கப்படும். இங்கே கட்டாவிட்டால் அந்தக் காசு பிரசெல்ஸுக்குத்தான் போகும். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இந்தியாவில் உள்ள சொந்தக்காரரோடு வட்ஸ்அப்பில் இந்த வாக்குவாதம் வந்தால் ஒரு தகவல் கைவசம் இருக்கட்டும். இந்தியா 2010-லேயே நிலக்கரிக்குத் தொன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டது. 2016-இல் அது 400 ரூபாய் ஆனது. மின் கட்டணத்துக்குள் மறைந்திருந்ததால் சாதாரண ஆட்கள் அதைக் கவனிக்கவே இல்லை. தூய எரிசக்திக்கு என்று சேர்த்த காசு, 2017-க்குப் பிறகு, ஜி.எஸ்.டி. என்ற புது விற்பனை வரியால் வருமானம் இழந்த மாநிலங்களுக்கு இழப்பீடாகப் போனது. அதையும் சாதாரண ஆட்கள் பெரிதாகக் கேட்கவில்லை.

5. கோயிலில், சங்கத்தில், தேர்தல் காலத்தில்

கோயில், தேவாலயம், ஊர்ச் சங்கம் எதுவானாலும் பதிவு செய்த தர்ம ஸ்தாபனமா என்று முதலில் விசாரியுங்கள். 2018-இல் திருத்திய வருமான வரிச் சட்டப்படி, தங்கள் நோக்கத்துக்குப் பொருத்தமான அரசாங்கக் கொள்கையைப் பற்றி அவர்கள் தாராளமாகக் கதைக்கலாம். ஆனால் கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. நிர்வாகசபை பயந்தால் இதை விளக்குங்கள். அப்படியும் விருப்பமில்லை என்றால் மண்டப வாசலில் நின்று கதைப்பதோடு விட்டுவிடுங்கள், தகராறு வேண்டாம்.

கூட்டாட்சித் தேர்தல் காலத்தில் தேர்தல் சார்ந்த விளம்பரம், பிரசாரம் போன்றவற்றுக்கு உங்கள் குழு 500 டொலர் அல்லது அதற்கு மேல் செலவழித்தால், தேர்தலை நடத்தும் அமைப்பான எலெக்ஷன்ஸ் கனடாவில் மூன்றாம் தரப்பாக, அதாவது கட்சியோ வேட்பாளரோ அல்லாத தரப்பாக, பதிய வேண்டும். துண்டுப்பிரசுரம் அச்சடிக்க முன்னர் இதைப் பாருங்கள்.

6. மனுவும் எம்.பி. சந்திப்பும்

குடியுரிமை இல்லாதவர்கள் "எங்களுக்கு வாக்கில்லையே" என்று ஒதுங்குவார்கள். பாராளுமன்ற மனுவில் கையெழுத்திடக் குடியுரிமை தேவையில்லை, கனடாவில் வசித்தால் போதும். வயது எல்லையும் கிடையாது. கடதாசி மனுவுக்கு 25 கையெழுத்து. இணைய மனுவென்றால் தொடங்க ஐந்து ஆதரவாளர்கள், அனுமதிக்க ஒரு எம்.பி., சபையில் வைக்க 500 கையெழுத்து. சபையில் வைத்த பிறகு 45 நாட்களுக்குள் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். கடிதம் எழுதப் பிரியமான அப்பா, அம்மாமாருக்கு இன்னொன்று சொல்லுங்கள்: ஒட்டாவாவில் உள்ள பாராளுமன்ற முகவரிக்கு எம்.பி.க்கு அனுப்பும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை.

நேரில் சந்திக்க, உங்கள் தபால் குறியீட்டைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் போட்டு எம்.பி. யார் என்று பார்த்து, தொகுதி அலுவலகத்துக்கு எழுதுங்கள். சபை கூடாத வாரங்களில்தான் அவர்கள் ஊரில் இருப்பார்கள். அலுவலக உதவியாளரோடுதான் முதலில் சந்திப்பு என்றாலும் போங்கள்; கோப்பில் என்ன எழுதுவது என்று முடிவு செய்வது பல வேளை அவர்தான்.

நான்கைந்து பேர் போதும். ஒருவர் தொடக்கி வைக்க, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் நேரத்தைப் பார்க்க. அந்தத் தொகுதியில் வசிக்கிற ஒருவர் கட்டாயம் வேண்டும். டிரக் ஓட்டுகிறவரோ சிறு கடை வைத்திருப்பவரோ கூட வந்தால் மிக நல்லது. எங்கள் ஆட்கள் படம் எடுப்பதற்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள், அதைக் கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தள்ளுங்கள்.

கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எம்.பி.யிடம் என்றால்: ஆலைகளுக்கான விலை 2030-இல் தொன்னுக்கு 170 டொலர் என்று ஏற்கெனவே போட்ட பாதையைக் குறைக்க விடுவீர்களா? அல்பேர்ட்டா 2025 மே மாதத்தில் 95 டொலரோடு நிறுத்துவதாக அறிவித்ததையும், அங்கே கிரெடிட்கள் அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கைமாறியதையும் சொல்லி, சந்தை விலையை வெளிப்படையாக வெளியிடச் சட்டம் வேண்டும் என்று கேட்கலாம். மாகாண உறுப்பினரிடம் என்றால்: ஒன்ராறியோ ஆலைகளிடம் வாங்கிய காசு எவ்வளவு, எந்த ஆலைக்கு எதற்காகப் போனது? அவர் "பார்க்கிறேன்" என்றால், எந்தத் திகதிக்குள் என்று மரியாதையாகக் கேட்டு அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த அடுத்த நாளே நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் அவர் சொன்னதை இரண்டு வரியில் எழுதி, அந்தத் திகதியையும் போடுங்கள். தெரியாது என்று நீங்கள் சொன்ன கேள்வி ஏதாவது இருந்தால் பதிலைத் தேடி அதோடு சேருங்கள். திகதி தாண்டினால் திரும்ப எழுதுங்கள், உதவியாளருக்கும் ஒரு பிரதி வையுங்கள்.